படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதுங்கள்

(மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாளன்று நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத சிலர் கேட்டதால் இந்தக் காலாண்டு இதழில் வருகிறது.)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், புகையிலை எதிர்ப்பு நாளுக்கு நீங்க பத்து நிமிஷம் பேசணும்" என்றபோது சிரித்துவிட்டேன். 23 வயதில் ஆரம்பித்து 47 வயது வரை சிகரெட் பிடித்தவன் நான். நுரையீரலைப் பற்றிப் பேச நம் வளாகத்திலேயே மூன்று டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் 36 வருஷம் கிளார்க்காக இருந்தவன். எனக்குத் தெரிந்தது கணக்கும் படிவமும்தான். அதனால் ஒரு படிவத்தைப் பற்றியே பேசுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நானும் மனைவியும் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். நவம்பர் மாதம். அங்கே பல கம்பெனிகளில் அது மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் சமயம். ஓப்பன் என்ரோல்மென்ட் என்கிறார்கள். அடுத்த வருஷத்துக்கு எந்தத் திட்டம், யார் யாரைச் சேர்க்க வேண்டும் என்று ஊழியர் குறிப்பிட்ட தேதிக்குள் முடிவு செய்து சொல்லிவிட வேண்டும். மகன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "அப்பா, நீங்க கணக்குல புலி. இந்த ரெண்டு திட்டத்துல எது லாபம்னு பாருங்க" என்றான்.

பார்த்துக்கொண்டே வரும்போது ஒரு கேள்வி வந்தது. கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் புகையிலைப் பொருள் எதையாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? ஆம் என்றால் மாதம் 60 டாலர் கூடுதல் கட்டணம். வருஷத்துக்கு 720 டாலர். மகன் ‘இல்லை’ என்று ஏற்கெனவே தட்டி வைத்திருந்தான்.

எனக்குத் தெரியும். கராஜ் பக்கம் போய்வந்தால் சட்டையில் என்ன வாசனை வரும் என்று 24 வருஷம் பிடித்தவனுக்குத் தெரியாதா? என் மனைவிக்கும் தெரியும். மருமகளுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

அந்தக் கூடுதல் கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீடுகள் நம் வளாகத்தில் நிறைய உண்டு.

அங்கே பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலை கொடுக்கும் நிறுவனத்தின் வழியாகத்தான். பிரீமியத்தில் ஒரு பங்கை நிறுவனம் போடும், மீதி சம்பளத்தில் பிடிப்பார்கள். புகையிலை பயன்படுத்துபவரிடம் கூடுதலாக வசூலிக்க நிறுவனத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. ஒபாமா ஆட்சியில் 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தையொட்டி வகுத்த விதிகள் 2014 முதல் நடைமுறையில் இருக்கின்றன. உச்சவரம்பு 50 சதவீதம். ஊழியர் ஒருவருக்கான காப்பீட்டின் மொத்தச் செலவு, நிறுவனத்தின் பங்கும் ஊழியரின் பங்கும் சேர்த்து, வருஷத்துக்கு 8,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000 டாலர் வரை கூடுதலாகப் போடலாம். என் மகனுடைய கம்பெனி போட்டது அதைவிட எவ்வளவோ குறைவு.

புகையிலைப் பொருள் என்றால் சிகரெட் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வாயில் அடக்கும் தூள், மெல்லும் புகையிலை எல்லாம் சேர்ந்ததுதான். வெற்றிலையோடு ஜர்தா போடுகிறவரும் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். சில கம்பெனிகள் கணவன் அல்லது மனைவிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுத் தனியாகக் கட்டணம் போடுகின்றன.

இதைக் கேட்டதும் "இது அபராதம்தானே, அநியாயமா இல்லையா?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வங்கியில் இருந்தவர்கள் இதே கணக்கை வேறு விதத்தில் பார்த்திருப்பார்கள். 3 லட்சம் வரை குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை, ஆக 4 சதவீதம்தான். ஒழுங்காகக் கட்டியவர் அதைச் சலுகை என்பார். கெடு தவறியவர் அபராதம் என்பார். லெட்ஜரில் இரண்டும் ஒரே கணக்கு. அமெரிக்க விதியும் அப்படியே பார்க்கிறது. புகையிலை தொடாதவருக்குத் தள்ளுபடி என்று சொன்னாலும், தொடுகிறவருக்குக் கூடுதல் என்று சொன்னாலும் விதி ஒன்றுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இன்று நான் பேச வந்ததே அதற்காகத்தான். கூடுதல் கட்டணம் போடும் நிறுவனம், அதைத் தவிர்க்க ஒரு மாற்று வழியையும் கொடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது புகையிலையை விடுவதற்கான ஒரு பயிற்சித் திட்டம். போனில் ஆலோசகரோடு சில முறை பேச வேண்டும், அல்லது இணையத்தில் சில பாடங்களை முடிக்க வேண்டும். முடித்துவிட்டால் கூடுதல் கட்டணம் இல்லை. நடு வருஷத்தில் முடித்தாலும் அந்த வருஷம் முழுவதற்குமான சலுகையைக் கொடுக்க வேண்டும். "எனக்கு இந்தப் பயிற்சி சரிப்படாது" என்று உங்கள் டாக்டரே சொன்னால் அவர் சொல்லும் வழியை ஏற்க வேண்டும். இப்படி ஒரு மாற்று வழி இருக்கிறது என்பதை, கட்டணத்தை விளக்கும் தாளிலேயே எழுதவும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. பயிற்சியை முடித்தால் போதும். புகையை விட்டே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முடித்தும் விட முடியவில்லை என்றால், அடுத்த வருஷம் "போன தடவை தோத்துட்டீங்களே" என்று கதவைச் சாத்தக் கூடாது. திரும்பவும் ஒரு வழி கொடுக்க வேண்டும்.

இதற்கும் மேலாக, அங்கே பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்களில் புகையிலையை விடும் சிகிச்சைக்குத் தனிக்கட்டணம் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு முயற்சிகள், முயற்சிக்கு நான்கு ஆலோசனைகள், டாக்டர் எழுதிக்கொடுத்தால் 90 நாளுக்கு மருந்து என்று அரசு 2014-இல் விளக்கம் தந்திருக்கிறது.

இவ்வளவும் அந்தத் திரையிலேயே கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தியில் இருந்தது. என் மகன் படிக்கவில்லை. ‘இல்லை’ என்று தட்டியவனுக்கு அதைப் படிக்க என்ன தேவை?

நான் கேட்டேன். "ஏன்டா பொய் எழுதறே?"

"அப்பா, இதெல்லாம் யாரும் செக் பண்ண மாட்டாங்க. எல்லாரும் இப்படித்தான் போடறாங்க" என்றான். கொஞ்சம் நேரம் சும்மா இருந்துவிட்டு, "உங்க பாலிசியில நீங்க என்ன எழுதினீங்க?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் நானும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருந்தேன். சரியாகச் சொன்னால், ஏஜென்ட் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். அப்போது என் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. "இதெல்லாம் ஃபார்மாலிட்டி சார்" என்றார். அந்தப் பொய்யோடு இருபது வருஷம் பிரீமியம் கட்டினேன். என் பாலிசி பிரச்சினை இல்லாமல் முதிர்ந்தது, அது என் அதிர்ஷ்டம்.

என் பக்கத்து கவுன்டரில் இருந்தவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மதியம் கேஷ் முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்துதான் டீக்கடைக்குப் போவோம். அவரும் அதே மாதிரி ஒரு ஆயுள் பாலிசி எடுத்தார், அதே மாதிரி ‘இல்லை’. ஒன்றரை வருஷத்தில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக் குறிப்பில், பதினைந்து வருஷமாகப் புகைபிடிப்பவர் என்று டாக்டர் எழுதியிருந்தார். அது அவர் தன் வாயால் டாக்டரிடம் சொன்ன உண்மை. அந்த உண்மையையும் படிவத்தில் இருந்த பொய்யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. அவர் மனைவிக்காக நான் கடிதம் எழுதினேன், அலைந்தேன். கட்டிய பிரீமியத்துக்கு மேல் ஒரு ரூபாய் வரவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் அப்போது ஆறாம் வகுப்பு.

அந்த அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீங்களும் கூடத்தானே பிடிப்பீங்க, உங்க ஃபார்ம்ல என்ன எழுதியிருக்கீங்க?" மகன் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கும் நான் பதில் சொல்லவில்லை. அதன் பிறகும் பல வருஷம் சிகரெட்டை விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று இரவு இந்தக் கதையை மகனிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவனுடைய விஷயம் ஆயுள் பாலிசி அல்ல, அது வேறு. ஆனால் அவனுடைய படிவத்தின் அடியிலும் ஒரு வரி இருந்தது. தவறான தகவல் தந்தால் கட்டணத்தை முன்தேதியிட்டு வசூலிப்போம், ஒழுங்கு நடவடிக்கையும் எடுப்போம் என்று. அவன் வேலை விசாவில் இருப்பவன். வேலை போனால் அடுத்த வேலை தேட 60 நாள்தான் அவகாசம். 720 டாலருக்காக எதை அடகு வைக்கிறோம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அது அவனுக்குப் புரிந்தது. வங்கிக்காரன் பிள்ளை அல்லவா!

ஆனால் அவன் மனம் மாறியது அந்தக் கணக்கால் அல்ல என்று பிறகு மருமகள் சொன்னாள். "மாமா, ‘இல்லை’ன்னு போட்டா அவர் யார்கிட்டயும் உதவி கேக்க முடியாது. உதவி கேட்டாலே பொய் வெளிய வந்துடும். அதைத்தான் அவர் யோசிச்சார்" என்றாள். அவள் சொன்னது சரி. பொய் எழுதியவன் ஆலோசகருக்குப் போன் செய்ய முடியாது, காப்பீட்டில் பேட்ச் வாங்க முடியாது. மாதம் 60 டாலர் மிச்சம் பிடித்துவிட்டு, கராஜில் நின்று தனியாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மகன் ‘ஆம்’ என்று மாற்றினான். ஜனவரியில் பயிற்சியில் சேர்ந்தான். வாரம் ஒரு போன். தோளில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்ச். பிப்ரவரியில் ஆபீஸில் ஏதோ நெருக்கடி, திரும்பவும் பிடித்துவிட்டான். ஆலோசகர் திட்டவில்லையாம். "எந்த நேரத்தில், எந்த இடத்தில் பிடித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டாராம். ஏப்ரலில் பயிற்சி முடிந்தது. சம்பளத்தில் மே மாதம் முதல் பிடித்தம் நின்றது. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பிடித்த 240 டாலர் வரவில்லை. நான் இங்கிருந்து போனில், "முழு வருஷத்துக்கும் தரணும்னு எழுதிக் கேளு" என்றேன். எழுதினான், வந்தது. இப்படி முந்தைய மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றும், மாற்று வழியைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்றும் அங்கே சமீப வருஷங்களில் ஊழியர்கள் பல வழக்குகள் போட்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளிடம் சம்பளச் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவன் விட்டுவிட்டானா என்று கேட்பீர்கள். அந்த வருஷம் விடவில்லை. நாளைக்கு பத்து, இரண்டாகக் குறைந்தது. அடுத்த நவம்பரில் திரும்பவும் ‘ஆம்’. திரும்பவும் பயிற்சி, இந்தத் தடவை டாக்டர் எழுதிய மாத்திரையோடு. சென்ற வருஷம் மார்ச்சில் விட்டான். பதினாலு மாதம் ஆகிறது. நான் நாலாவது முயற்சியில் விட்டவன், அவன் இரண்டாவதிலேயே விட்டான்.

இப்போது ஒரு கேள்வி. கட்டணம் போட்டால் மக்கள் விடுவார்களா, உதவி செய்தால் விடுவார்களா? 2009-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஊழியர்கள் 878 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. எல்லோருக்கும் பயிற்சி வகுப்புகள் பற்றிய தகவல் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும், பயிற்சியை முடித்து, புகையை விட்டு, விட்ட நிலையிலேயே இருந்தால் படிப்படியாக மொத்தம் 750 டாலர் பரிசு என்றார்கள். ஒரு வருஷ அளவில் பார்த்தபோது, பரிசு உள்ளவர்களில் 14.7 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். மற்றவர்களில் 5 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் கிளார்க் கண்ணோடு பாருங்கள். பரிசு கொடுத்தும் நூற்றுக்கு 85 பேர் விடவில்லை. இது அவ்வளவு கஷ்டமான காரியம். இன்னொரு பக்கம், சொந்தமாகக் காப்பீடு வாங்குபவர்களுக்குப் போட்ட புகையிலைக் கட்டணத்தைப் பற்றி 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. கட்டணத்தால் புகைப்பவர்கள் காப்பீடு எடுப்பது குறைந்தது, புகையை விடுவது கூடவில்லை என்று அதில் கண்டார்கள். உதவி இல்லாமல் கட்டணம் மட்டும் போட்டால் ஆள் விலகித்தான் போவார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இங்கே கம்பெனி தரும் குரூப் இன்சூரன்ஸில் பொதுவாக இந்தக் கட்டணம் கிடையாது. எங்கள் வங்கி ஓய்வூதியர் பாலிசியிலும் புகைப்பவருக்கும் புகைக்காதவருக்கும் ஒரே பிரீமியம். ஆனால் தனியாக ஆயுள் பாலிசியோ மெடிக்கல் பாலிசியோ எடுக்கும்போது இந்தக் கேள்வி வரும். டேர்ம் பாலிசியில் புகைப்பவருக்குத் தனி விகிதமே உண்டு. இன்றைய சட்டப்படி ஆயுள் பாலிசி எடுத்து 3 வருஷம் முடிந்தால் அதைக் கேள்வி கேட்க முடியாது. மருத்துவ பாலிசிக்கு, நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, 5 வருஷம். அந்தக் காலத்துக்குள் ஏதாவது நடந்தால் என் நண்பர் வீட்டுக் கதைதான். ஆகவே படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் நீங்கள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே தவறாக எழுதியிருந்தால், திருத்தச் சொல்லி இன்றே கம்பெனிக்கு எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், கூடட்டும்.

உதவிக்கு அமெரிக்கா போக வேண்டாம். 1800-11-2356 என்ற எண் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண். கட்டணம் இல்லை. 2016-இல் தொடங்கியது. தமிழிலும் பேசலாம். 2018 முதல் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிடுகிறார்கள். நானும் அதற்கு முன்பே விட்டுவிட்டதால், பேரன் காட்டித்தான் பார்த்தேன். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே 2002-இல் ஒரு சிகிச்சைப் பிரிவு தொடங்கினார்கள். விட்ட முதல் சில நாள்தான் கடுமை. எரிச்சல் வரும், தூக்கம் வராது. பிறகு வாரங்களில் தணியும். பிடிக்க வேண்டும் என்ற தவிப்பு ஒவ்வொரு தடவையும் சில நிமிஷங்களில் கடந்துவிடும். அந்த நிமிஷங்களில் நான் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடப்பேன். நிகோடின் சூயிங் கம், பேட்ச் எல்லாம் இங்கேயும் கிடைக்கின்றன. எந்த அளவு என்று டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். சென்ற கூட்டத்தில், படிக்கட்டில் சிகரெட் பிடித்தால் 500 ரூபாய் அபராதம் என்று பேசினோம். நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்த நோட்டீஸிலேயே, அதே அளவு எழுத்தில், உதவி எண்ணையும் போடுங்கள். பொடி எழுத்தில் வேண்டாம். அபராதம் கட்டியவர் மூன்று மாதத்துக்குள் ஆலோசனை பெற்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். விட்டாரா இல்லையா என்று கேட்க வேண்டாம்.

அபராதத்துக்குப் பயந்து வாயில் புகையிலையை அடக்கிக்கொள்ளப் போவது நம் செக்யூரிட்டிகளும் துப்புரவுப் பணியாளர்களும்தான். இரவு முழுக்கக் கண் விழிக்க அது தேவைப்படுகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர்களில் யாராவது விட நினைத்தால், டாக்டர் சொல்லும் மருந்தின் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம். நம் விழாச் செலவில் ஒரு பகுதிகூட ஆகாது. கணக்கை நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சங்க அலுவலகத்தில் இருப்பேன். உதவி எண்ணைக் கூப்பிடத் தயங்குகிறவர்கள் வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பாலிசிப் படிவம் நிரப்ப வேண்டியவர்களும் வாருங்கள். யார் வந்தார்கள் என்று வீட்டில் சொல்ல மாட்டேன். எப்படியும் வீட்டில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்துதான் இருக்கும்.